பாபத்தாவின் பத்திரங்கள்

சாக்கடல் கரையில் வாழ்ந்த பாபத்தா என்ற யூதப் பெண்ணுக்கு எழுத்து தெரியாது. கி.பி. 125இல் அவள் கொடுத்த ஒரு வாக்குமூலத்தின் அடியில், அவள் கேட்டுக்கொண்டபடி அவளுக்காகக் கையெழுத்திட்டவன் இந்தக் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறான். அந்தப் பெண் ஒரு தோல்பையில் சேர்த்து வைத்திருந்த பத்திரங்கள் 35. மிகப் பழையது கி.பி. 94ஐச் சேர்ந்தது, கடைசி 132ஐச் சேர்ந்தது. சில கிரேக்கத்தில், சில நபத்தேயரின் அரமாயத்தில், சில யூதர்களின் அரமாயத்தில் எழுதப்பட்டவை. கிரயம், தானம், திருமண ஒப்பந்தம், கடன், வைப்புத்தொகை, நிலப் பதிவு, நீதிமன்ற அழைப்பாணை, ரசீது என ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டுச் சொத்து விவகாரம் முழுவதும் அந்தப் பைக்குள் இருந்தது.

சொத்துப் பத்திரங்களின் மூலம் பார்த்து, வில்லங்கம் பார்த்து, சட்டக் கருத்துரை எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் பாபத்தாவின் ஆவணங்கள் அச்சாகியிருந்த தொகுதிகள் கைக்கு வந்தபோது, வழக்கமாக என் மேசைக்கு வரும் கட்டுகளைப் போலவே தேதி வரிசையில் அடுக்கிப் படித்தேன். பழங்காலப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஆண்கள் அவர்களைப் பற்றி எழுதியது. இங்கே இருப்பதோ ஒரு பெண் தனக்குத் தேவைப்படும் என்று தானே பாதுகாத்து வைத்தது. ஒவ்வொரு தாளுக்கும் எதிரில் ஒரு ஆள் இருக்கிறார். நாளைக்கு இவர் வந்து கேட்டால் இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் அவள் ஒவ்வொன்றையும் மடித்து வைத்திருக்கிறாள். அப்படிப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நிலத்தைப் பொறுத்தவரை அவளை யாராலும் எளிதில் அசைக்க முடியவில்லை. பெற்ற பிள்ளையின் பணத்தைப் பொறுத்தவரை அவளால் எதையும் அசைக்க முடியவில்லை.

ஊர் மஹோசா. சாக்கடலின் தென்கரையில், விவிலியத்தில் வரும் சோவார் பகுதியைச் சேர்ந்த கிராமம். பேரீச்சந்தோப்புகள்தான் அங்கே செல்வம். பாபத்தா பிறந்த காலத்தில் அது பெத்ராவைத் தலைநகராகக் கொண்ட நபத்தேய அரசின் கீழ் இருந்தது. 106இல் ரோமப் பேரரசன் டிராஜன் அந்த அரசை இணைத்துக்கொண்டு அரேபியா என்ற மாகாணமாக்கினான். ஊரில் யூதர்களும் நபத்தேயர்களும் பக்கத்துப் பக்கத்துத் தோப்புக்காரர்கள். ஒருவர் பத்திரத்துக்கு மற்றவர் சாட்சிக் கையெழுத்து போடுகிறார்கள்.

தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். கி.பி. 99இல் பாபத்தாவின் தந்தை ஷிமோன் மஹோசாவில் ஒரு பேரீச்சந்தோப்பை விலைக்கு வாங்குகிறான். விற்றவள் அபியதான் என்ற நபத்தேயப் பெண். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு அவள் அந்தத் தோப்பையே ஆர்கெலாவுஸ் என்பவனுக்கு விற்ற பத்திரமும் பைக்குள் இருக்கிறது. முந்தைய கிரயம் ஏதோ காரணத்தால் நிலைக்காமல் போயிருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தையும் ஷிமோன் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். பின்னாளில் ஆர்கெலாவுஸ் வந்து நின்றால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறான். கவனமான வாங்குபவன்.

அபியதான் அந்தக் கிரயத்தைத் தன் பெயரில், தானே செய்கிறாள். பக்கத்தில் ஒரு ஆணைக் காப்பாளராக நிறுத்தவில்லை. மஹோசாவில் கிடைத்த ஆவணங்களில், நபத்தேய முறையில் அரமாயத்தில் எழுதியவற்றில் பெண்கள் இப்படித்தான் நடமாடுகிறார்கள். ரோம ஆட்சி வந்தபின் கிரேக்கத்தில் எழுதிய பத்திரங்களில் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே பெண் எதைச் செய்தாலும் 'இந்தக் காரியத்துக்காக அவளது காப்பாளர்' என்று ஒரு ஆணின் பெயர் உடன் வருகிறது. பாபத்தாவுக்கும் வருகிறது: ஒருமுறை கணவன், மறுமுறை ஊர்க்காரன் ஒருவன். சட்டம் வளர வளரப் பெண்ணுக்கு உரிமை கூடியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த ஒரு கிராமத்தில் முப்பது ஆண்டுகளுக்குள் அது எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அபியதான் தனியாகச் செய்ததை பாபத்தா ஒரு ஆண் துணையோடுதான் செய்ய முடிந்தது.

அந்தக் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும்போது நபத்தேய மன்னன் ரப்பேலின் தோட்டம் ஒரு எல்லையாக வருகிறது. 127இல் பாபத்தா தன் நிலங்களைப் பதிவு செய்தபோது ஒரு தோப்பின் எல்லையாகக் குறிக்கப்படுவது 'நம் ஆண்டவர் சீசரின்' நிலம். அரசு மாறியது பற்றி ஊர்க்காரர்கள் விட்டுச்சென்ற பதிவு இதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் பெயர் மாறியது.

ஷிமோனின் சொத்து மகளுக்கு எப்படி வந்தது? யூதச் சட்டத்தில் மகனில்லாத வீட்டில்தான் மகள் வாரிசு. விவிலியத்தின் எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் மகள்களான மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஐந்து பேரும் மோசேயின் முன் வந்து நின்று, எங்கள் அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா என்று கேட்டு வாங்கிய உரிமை அது. அதற்கு மேல் போகாது. மனைவியோ கணவனுக்கு வாரிசே அல்ல. ஆனால் உயிரோடு இருக்கும்போது தானமாக எழுதிக் கொடுப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. மஹோசாவின் பெற்றோர் அந்த வழியில்தான் போனார்கள். 120இல் ஷிமோன் ஊரிலிருந்த தன் சொத்து முழுவதையும் மனைவி மிரியத்துக்கு எழுதி வைக்கிறான். அனுபவ பாத்தியதை தன் ஆயுள்வரை தனக்கு, அதன் பிறகு அவளுக்கு. நம் ஊர் செட்டில்மென்ட் பத்திரங்களை எழுதுபவர்கள் இதைப் படித்தால் வரிக்கு வரி தலையாட்டுவார்கள்.

அந்தத் தானப் பத்திரத்தின் நடுவில் ஒரு நிபந்தனை. எங்கள் மகள் பாபத்தா விதவையானால் இந்தச் சொத்திலுள்ள ஒரு சிறு குடிலில் வந்து தங்கலாம். விதவையாக இருக்கும்வரை மட்டும். புதிதாக ஒரு கணவனை அந்த வீட்டுக்குள் கூட்டிவர அவளுக்கு உரிமை இல்லை. மகளுக்கு அப்போது திருமணம் ஆகியிருந்தது. நிலம் அவளுக்குத் தனியாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம், அந்தப் பத்திரம் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த நிபந்தனையை எழுதியபோது ஷிமோன் ஒரு தூரத்து ஆபத்தை நினைத்து எழுதியிருப்பான். நான்கே ஆண்டுகளில் அது நடந்துவிட்டது.

முதல் கணவன் பெயர் யேசுவா. அவன் இறந்தபோது மகன் சிறுபிள்ளை. மகனுக்கும் யேசுவா என்றே பெயர். 124இல் பெத்ரா நகர மன்றம் அந்தப் பிள்ளைக்கு இரண்டு காப்பாளர்களை நியமிக்கிறது. ஒருவன் எக்லாவின் மகன் யோவான், யூதன். இன்னொருவன் அப்தோப்தாஸ், நபத்தேயன். தாய் காப்பாளராக முடியாது. தந்தை விட்டுப்போன பணம் இந்த இருவரின் பொறுப்பில். அவர்கள் அதை வட்டிக்கு விட்டு, வட்டியிலிருந்து பிள்ளையின் பராமரிப்புக்குத் தாயிடம் மாதம் 2 தெனாரியம், அதாவது இரண்டு ரோம வெள்ளிக் காசு, கொடுக்கிறார்கள்.

அந்த 2 தெனாரியம் எவ்வளவு? மத்தேயு நற்செய்தியில் வரும் உவமையில், திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்குப் பேசிய ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். ஆக, ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்து உணவு, உடை, எல்லாம்.

மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பிலிருந்து, காப்பாளர் நியமனத்தைப் பதிவு செய்த பகுதிக்கு பாபத்தா ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். அதே ஆண்டில் ஆளுநர் யூலியுஸ் யூலியானுஸுக்கு மனு போகிறது. அடுத்த ஆண்டு, 125 அக்டோபரில், காப்பாளன் யோவானுக்கு அழைப்பாணை. அதோடு சாட்சிகள் முன் ஒரு வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். புலம்பல் ஒரு சொல்கூட இல்லாத தாயின் குரல் அது. காப்பாளர்கள் மாதம் நூற்றுக்கு அரை தெனாரியம் மேனிதான், அதாவது அரை வட்டிக்குத்தான், கணக்குக் காட்டுகிறார்கள். பாபத்தா சொல்கிறாள்: பணத்தை என்னிடம் ஒப்படையுங்கள். அதற்கு ஈடாக என் சொந்தச் சொத்தை அடமானமாக வைக்கிறேன். ஒன்றரை வட்டி தருகிறேன். என் மகன் சிறப்பாக வளரட்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை வட்டியில் மாதம் 2 தெனாரியம் வருகிறது என்றால் அசல் தொகை 400 தெனாரியம். ஒன்றரை வட்டி என்றால் மாதம் 6 தெனாரியம், மூன்று மடங்கு. பிணையாக அவள் வைப்பது தோப்பு. எந்த வங்கியும் மறுக்காத திட்டம். வாக்குமூலத்தின் முடிவில் இன்னொன்றும் சொல்லி வைக்கிறாள். இதற்கு நீங்கள் இணங்காவிட்டால், அனாதைப் பிள்ளையின் பணத்தில் நீங்கள் லாபம் பார்க்கிறீர்கள் என்பதற்கு இந்த வாக்குமூலமே சாட்சியாக இருக்கும். எழுதியவர் எழுத்தராக இருக்கலாம். மூளை பாபத்தாவுடையது என்றே நான் நினைக்கிறேன்.

காப்பாளர்கள் திருடினார்கள் என்று இந்தத் தாள்கள் நிரூபிக்கவில்லை. குறைந்த வட்டியில் பாதுகாப்பாகப் பணத்தை வைத்திருந்தோம் என்று அவர்கள் சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் தரப்புப் பை நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதே 124இல், சாக்கடலின் மேற்குக் கரையிலுள்ள எங்கேதியில் ஒரு ரோம நூற்றுவர் தலைவன் கொடுத்த கடனுக்கு ஒரு வட்டி வாங்கியிருக்கிறான் என்பது இதே பையிலிருக்கும் இன்னொரு பத்திரத்தில் தெரிகிறது. பணத்துக்கு அந்தப் பகுதியில் அந்த விலை கிடைத்துக்கொண்டிருந்தது.

என்ன ஆயிற்று? பையிலிருக்கும் தேதியிட்ட கடைசித் தாள் பதில் சொல்கிறது. 132 ஆகஸ்ட் 19. பிள்ளையின் பராமரிப்புக்காகப் பெற்றுக்கொண்டதற்கு பாபத்தா கொடுத்த ரசீது. காப்பாளன் யோவானின் இடத்தில் இப்போது அவன் மகன், கூனன் சிமோன். தொகை, மூன்று மாதங்களுக்கு 6 தெனாரியம்.

மனு, அழைப்பாணை, வாக்குமூலம், எட்டு ஆண்டுகள். பிள்ளை வளர்ந்துவிட்டான். மாதம் 2 தெனாரியம் 2 தெனாரியமாகவே இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் அவள் சும்மா இருக்கவில்லை என்பதற்கும் அடையாளம் உண்டு. பைக்குள் ஒரே வாசகம் மூன்று பிரதிகளாக இருக்கிறது. அனாதையின் சொத்தைக் கவனிக்கத் தவறிய காப்பாளர் மீது ரோமச் சட்டப்படி நீதிபதி முன் வைக்க வேண்டிய வழக்கின் வாய்பாடு, 2,500 தெனாரியம் என்ற உச்சவரம்போடு, கிரேக்கத்தில். ரோம் நகரத்தின் சட்ட நுட்பம் ஒன்று சாக்கடல் கரைக் கிராமத்தில் எழுத்தறியாத ஒரு தாயின் பைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. யாரையோ தேடிப் போய்க் கேட்டிருக்கிறாள். எழுதி வாங்கியிருக்கிறாள்.

இரண்டாம் கணவன் யூதா எங்கேதிக்காரன். அவனுக்கு ஏற்கெனவே மிரியம் என்று (பாபத்தாவின் தாய் பெயர்தான், ஆள் வேறு) ஒரு மனைவியும் ஷெலாம்சியோன் என்று ஒரு மகளும் இருந்தார்கள். பாபத்தாவுக்கு அவன் எழுதிக் கொடுத்த கெத்துபா, அதாவது யூதத் திருமண ஒப்பந்தம், அவன் கையாலேயே அரமாயத்தில் எழுதப்பட்டது. 400 தெனாரியத்துக்கு அவன் பொறுப்பேற்கிறான். நீ சிறைபிடிக்கப்பட்டால் என் சொத்திலிருந்து மீட்டு மறுபடி மனைவியாக அழைத்துவருவேன் என்கிறான். நான் இறந்தால் உன் பணத்தை என் வாரிசுகள் கொடுத்துத் தீர்க்கும்வரை என் வீட்டில் இருந்து என் சொத்திலிருந்து உண்பாய் என்கிறான். இந்தக் கடைசி உறுதி பின்னால் வேலைக்கு வரப்போகிறது.

யூதா கையில் பணம் தங்காத மனிதனாகத் தெரிகிறான். முன்பு சொன்ன நூற்றுவர் தலைவன் மாகோனியுஸ் வாலென்ஸிடம் 60 தெனாரியம் கடன் வாங்கியவன் இவன்தான். ஈடாக வைத்தது தந்தையின் முற்றத்து வீட்டை. 128 பிப்ரவரி 21இல் பாபத்தாவிடமிருந்து 300 தெனாரியத்தை வைப்புத்தொகையாகப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்கிறான். அவள் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் இரண்டு மடங்கு. கணவன் மனைவிக்கு இடையில்தான் இந்தப் பத்திரம். சாட்சிகளோடு, அவளுக்குத் தனிக் காப்பாளரோடு. ஏப்ரல் 5இல் அவன் மகள் ஷெலாம்சியோனுக்குத் திருமணம், சீதனம் 200 தெனாரியம் மதிப்புள்ள நகையும் துணியும். மாப்பிள்ளை தன் பங்காக 300 சேர்த்து, மொத்தம் 500க்குப் பொறுப்பேற்கிறான். பதினொரு நாள் கழித்து யூதா தன் எங்கேதிச் சொத்தில் பாதியை உடனேயும் மறுபாதியைத் தன் மரணத்துக்குப் பிறகும் அந்த மகளுக்கு எழுதிக் கொடுக்கிறான். பாபத்தாவின் 300 தெனாரியம் அந்தக் கல்யாணச் செலவுக்குத்தான் போனது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மனைவி பணம் கொடுத்தாள், ஆனால் பத்திரமில்லாமல் கொடுக்கவில்லை.

அதற்கு முன்பே, 127 டிசம்பரில், மாகாண ஆளுநர் செக்ஸ்தியுஸ் ஃப்ளோரெந்தினுஸ் நடத்திய கணக்கெடுப்பில் அவள் தன் நிலங்களைப் பதிவு செய்துவிட்டாள். பெத்ராவில் பாறையைக் குடைந்து செய்த கல்லறைகளில் ஒன்று இந்த ஆளுநருடையது, இன்றும் போனால் பார்க்கலாம். பாபத்தாவின் பதிவில் மஹோசாவின் நான்கு பேரீச்சந்தோப்புகள், ஒவ்வொன்றுக்கும் பெயர், விதைப்பாட்டு அளவு, எல்லை, வரி. பரப்பைச் சொல்வது எத்தனை மரக்கால் வாற்கோதுமை விதைக்கும் இடம் என்ற கணக்கில். வரியில் ஒரு பகுதி பேரீச்சம்பழமாகவே கட்ட வேண்டும். ஒரு தோப்புக்கு விளைச்சலில் பாதி. சீசரின் நற்பேற்றின் மீது ஆணையிட்டு இது உண்மை என்று யூதப் பெண்ணான அவள் சொல்கிறாள், அவளுக்காக யூதா எழுதுகிறான், குதிரைப்படைத் தலைவன் பிரிஸ்குஸ் பெற்றுக்கொண்டதாகக் குறிக்கிறான். கணவன் கையால் எழுதப்பட்டாலும் நான்கு தோப்பும் அவள் பெயரில். கணவனின் கடன்காரன் எவனும் இவற்றின் மேல் கை வைக்க முடியாது.

130க்குள் யூதாவும் இறந்துவிட்டான். அதோடு எல்லாரும் கிளம்பி வந்தார்கள்.

130 செப்டம்பர் 11இல் பாபத்தா யூதாவின் தோப்புகள் மூன்றில் விளைந்த பேரீச்சையை விற்கிறாள். என் சீதனத்துக்கும் எனக்கு வரவேண்டிய கடனுக்கும் ஈடாக நான் அனுபவத்தில் வைத்திருக்கும் தோப்புகள் என்று அந்தப் பத்திரம் சொல்கிறது. கெத்துபாவும் 300 தெனாரியப் பத்திரமும் இங்கேதான் பலன் தருகின்றன. அவள் வழக்குப் போட்டுக் காத்திருக்கவில்லை. முதலில் நிலத்தைக் கைப்பற்றினாள், விளைச்சலை விற்றாள், வேண்டுமானால் நீங்கள் வழக்குப் போடுங்கள் என்று உட்கார்ந்துகொண்டாள். மகன் விஷயத்தில் பணம் எதிராளி கையில் இருந்தது, எட்டு ஆண்டு நகரவில்லை. இங்கே சொத்து தன் கையில் இருந்தது, எதிராளிகள் அலைந்தார்கள். அனுபோகம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பலமானவர் என்பதை அவள் முதல் வழக்கிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

வழக்கு வந்தது. யூதாவின் சகோதரனும் இறந்துபோயிருந்தான். அவன் பிள்ளைகளின் காப்பாளன் பேசாஸ், அந்தத் தோப்பு எங்கள் பிள்ளைகளுடையது என்று ஆளுநர் ஹேடேரியுஸ் நேபோஸ் முன் பெத்ராவுக்கு வரச்சொல்லி நவம்பரில் அழைப்பாணை அனுப்புகிறான். அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளின் மேற்பார்வையாளரான யூலியா கிறிஸ்பினா என்ற பெண்ணும் களத்தில் இறங்குகிறாள். ரோமப் பெயர் கொண்ட, செல்வாக்குள்ள பெண்மணி. இரு தரப்பும் மாறி மாறி அழைத்துக்கொள்கின்றன. இந்த இடத்தில் நான் சற்றுத் தடுமாறுகிறேன். அனாதைகளின் பணத்தில் லாபம் பார்க்கிறீர்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் குற்றம் சாட்டியவள், இப்போது வேறு அனாதைகளின் காப்பாளர்களால் அதே போன்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகிறாள். அந்தப் பிள்ளைகளின் பக்கத்து நியாயம் எவ்வளவு வலுவானது என்று இந்தத் தாள்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாபத்தாவை நேசிக்கிறேன் என்பதற்காக அவர்களை வில்லன்களாக்க எனக்கு மனமில்லை.

மூத்தாள் மிரியத்தோடு நடந்த மோதல் 131 ஜூலை 9ஆம் தேதியிட்ட தாளில் இருக்கிறது. யூதாவின் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொண்டாய், ஆளுநர் முன் வந்து பதில் சொல் என்கிறாள் பாபத்தா. மிரியம் சளைக்கவில்லை. எனக்கும் உனக்கும் கணவனாக இருந்து இறந்தவரின் சொத்துகளின் பக்கம் நீ போகக் கூடாது என்று நான்தான் உன்னை முதலில் அழைத்தேன் என்கிறாள். மிரியம் விவாகரத்தானவளாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கும் உனக்கும் என்று அவள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு சக்களத்திகளின் பேச்சாகவே எனக்குக் கேட்கிறது. மிரியத்துக்கும் ஒரு கெத்துபா இருந்திருக்கும். அவளுக்கும் யாரோ கணக்குத் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். ஒருவன் இரண்டு பேருக்கு அதே சொத்தைப் பொறுப்பாகக் காட்டிவிட்டுப் போனால், பிறகு அந்த இரண்டு பெண்களும்தான் ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அவன் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு புதிர். மிரியத்தின் மகள் ஷெலாம்சியோனின் திருமண ஒப்பந்தம் பாபத்தாவின் பைக்குள் இருக்கிறது. தந்தை அவளுக்குக் கொடுத்த தானப் பத்திரம் இருக்கிறது. 130 ஜூனில் பேசாஸும் யூலியா கிறிஸ்பினாவும் எங்கேதியிலிருந்த முற்றத்து வீட்டின் மேல் ஷெலாம்சியோனுக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த பத்திரமும் இருக்கிறது. தாயோடு வழக்கு, மகளின் பத்திரங்களுக்குக் காவல். ஒருவர் தன் தாய்ப் பத்திரங்களை யாரிடம் கொடுத்து வைக்கிறார் என்பது என் தொழிலில் நான் எப்போதும் கவனிக்கும் விஷயம். ஷெலாம்சியோன் சிற்றன்னையிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவள் என்ற நன்றியா, பத்திரத்தைத் தொலைக்காமல் வைத்திருக்கத் தெரிந்தவள் என்ற நம்பிக்கையா, இரண்டுமா.

பத்திரங்கள் நமக்குக் கிடைத்த கதை வெகு பேருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 132இல் யூதேயாவில் ரோமுக்கு எதிராகப் பார் கோக்பாவின் கிளர்ச்சி வெடித்தது. எங்கேதியில் கிளர்ச்சித் தளபதிகளில் ஒருவன் பேயானின் மகன் யோனத்தான். மூத்தாள் மிரியமும் பேயானின் மகள்தான், அநேகமாக அவன் சகோதரி. கிளர்ச்சி தோற்கத் தொடங்கியபோது எங்கேதிக்காரர்கள் நஹல் ஹெவர் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையிலுள்ள குகைக்கு ஓடினார்கள். மேலே ரோமர்கள் முகாம் அடித்தார்கள். 1961இல் தொல்லியலாளர் இகேல் யாதினின் குழு அந்தக் குகையில் ஒரு பிளவுக்குள் ஒளித்து வைத்திருந்த தோல்பையைக் கண்டெடுத்தது. அதே குகையில் பார் கோக்பா யோனத்தானுக்கு எழுதிய கடிதங்களும், வீட்டுச் சாவிகளும், ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் எலும்புகளும் கிடைத்தன. அவற்றில் பாபத்தா யார் என்று யாராலும் சொல்ல முடியாது. பையை எடுக்க அவள் திரும்பி வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். கிரேக்க ஆவணங்கள் 1989இல் அச்சாயின. மற்ற மொழி ஆவணங்களுக்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்திரம் எழுதிய முறையைச் சொல்லாமல் விட முடியாது. முக்கியமானவற்றை ஒரே தாளில் இரண்டு முறை எழுதுவார்கள். மேல் பிரதியைச் சுருட்டி நூலால் கட்டி முடிச்சுப் போடுவார்கள், முடிச்சுகளுக்கு நேராகப் பின்புறத்தில் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். கீழ்ப் பிரதி படிக்கத் திறந்தே இருக்கும். யாராவது அதில் எண்ணை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் நீதிபதி முன் நூலை அறுத்து உள்பிரதியைப் படிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி இந்த முறையை நம்பலாம். கட்டு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை.

பாபத்தா ஒரு விதிவிலக்கு, பணக்கார வீட்டுப் பெண், அவளை வைத்து மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சலோமே கொமைசேயின் பத்திரங்களைச் சொல்வேன். அவளும் மஹோசாக்காரி, அதே காலத்தவள். பாபத்தா அளவுக்குத் தாள்கள் இல்லை, ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல்தான் இருக்கும். 129 நவம்பரில் அவள் தாய் சலோமே க்ராப்தே அவளுக்கு ஒரு பேரீச்சந்தோப்பைத் தானமாக எழுதிக் கொடுக்கிறாள், ஊருக்குள் ஒரு முற்றத்தில் பாதியையும் சேர்த்து. தோப்போடு தண்ணீர் முறையும் எழுதப்பட்டிருக்கிறது: வாரம் ஒருமுறை, நான்காம் நாள், அரை மணி நேரம். கொடுப்பவளும் பெண், வாங்குபவளும் பெண். ஷிமோன் எடுத்த அதே தான வழியை ஒரு தாய் மகளுக்காக எடுத்திருக்கிறாள்.

சலோமேயின் முதல் கணவன் இறந்த பிறகு அவள் யேசுவா என்பவனோடு வாழ்ந்தாள். 131 ஆகஸ்டில் அவர்களுக்குள் திருமண ஒப்பந்தம் எழுதப்படுகிறது. முன்பு போலவே தொடர்ந்து சேர்ந்து வாழ்வார்கள் என்று அதிலேயே இருக்கிறது, ஆக எழுதும்போது அவர்கள் ஏற்கெனவே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சீதனம் 96 தெனாரியம், வெள்ளி, தங்கம், துணியாக. அவ்வளவு நாள் எழுதாமல் வாழ்ந்தவர்கள் ஏன் திடீரென்று எழுத்தரைத் தேடிப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் பலவிதமாக விளக்குகிறார்கள். நான் தேதியைத்தான் பார்க்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பாபத்தாவும் மிரியமும் இறந்துபோன ஒருவனின் வீட்டுப் பொருள்களுக்காக ஒருவரையொருவர் ஆளுநர் முன் அழைத்திருந்தார்கள். மஹோசா அவ்வளவு பெரிய ஊர் இல்லை. அந்தச் செய்தி சலோமேயின் வீட்டுக்கு எட்டாமல் இருந்திருக்காது.